வாகைக்குளத்திலிருந்து சேலத்துக்கு 340 கிலோமீட்டர், 55 நிமிடம்: இது நடக்கிற காரியமா?

சமாதானபுரத்தான், பாளையங்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் என் அக்காள் மகளுக்கு ஓமலூரில் திருமணம் வைத்திருக்கிறார்கள். நான் தாய்மாமன் என்பதால் முதல் நாள் மாலைக்குள் அங்கே இருந்தாக வேண்டும். என்னுடன் வருபவர் என் தாயார். அவருக்கு வயது 76. சில மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமலே நடமாடுகிறார் என்றாலும், காலைத் தொங்கவிட்டபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் பாதம் வீங்கிவிடுகிறது. ஆகவே ஏழு மணி நேரம் காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த யோசனையில் இருந்தபோது, இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைப்பட்ட தொலைவைச் சொல்லும் இணையதளம் ஒன்றில் தூத்துக்குடியையும் சேலத்தையும் கொடுத்துப் பார்த்தேன். வான்வழித் தொலைவு 340 கி.மீ., பயண நேரம் 55 நிமிடம் என்று வந்தது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். சேலம் விமான நிலையமோ ஓமலூர் வட்டத்திலேயே, காமலாபுரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கல்யாண மண்டபம் கூப்பிடு தொலைவு. இதைவிட என்ன வேண்டும் என்று மகிழ்ந்துபோய்த் தாயாரிடமும் சொல்லிவிட்டேன். அவரும், "ஒரு தடவையாவது ஆகாயத்துல போயிப் பாத்துரணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லி, அக்காவுக்குத் தொலைபேசியில் செய்தியும் சொல்லிவிட்டார்.

ஆனால் பயணச்சீட்டு எடுக்கப் போனால் எந்தத் தளத்திலும் அந்த 55 நிமிட விமானம் கண்ணில் படவில்லை. சென்னையில் இறங்கி மாறும்படிதான் காட்டுகிறார்கள், மொத்த நேரமும் ஏழு மணி, எட்டு மணி என்று வருகிறது. அப்படியென்றால் முதலில் சொன்ன 340 கிலோமீட்டரும் 55 நிமிடமும் எங்கிருந்து வந்தன? நேராகச் செல்லும் விமானம் ஏதேனும் இருந்து, நான்தான் தேடத் தெரியாமல் விட்டுவிட்டேனா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


திருவைகுண்டத்து ஆசிரியர்:

தம்பி, நான் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த 340 கிலோமீட்டரைப் பற்றி ஐயப்பட வேண்டாம், அது சரியான எண்தான். தளத்தை நம்பாமல் நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

வாகைக்குளம் விமான நிலையம் வடக்கு அட்சம் 8 பாகை 43 கலையில் இருக்கிறது, சேலம் விமான நிலையம் 11 பாகை 47 கலையில் இருக்கிறது. தீர்க்கக்கோட்டைப் பார்த்தால் முன்னது 78 பாகையைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றரைக் கலை, பின்னது நான்கு கலை; ஆகவே ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்று என்று சொல்லிவிடலாம். இப்படி நேர் வடக்காக அமைந்துவிட்டால் கணக்கு மிக எளிது. பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய கலை ஒன்றுக்கு, வடக்கு தெற்காக அளந்தால் ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படித்தான் உருவாயிற்று. இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாடு 3 பாகை 4 கலை, அதாவது 184 கலை, எனவே 184 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் பெருக்கினால் 340.8 வரும்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் பேத்தியின் நில வரைபடப் புத்தகத்தை வாங்கித் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு தையல் நூலை இரண்டு ஊருக்கும் இடையே இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் 78 பாகைக் கோட்டை ஒட்டியே கிடந்தது. மதுரை, திண்டுக்கல், கரூர் மூன்றும் நூலுக்கு அடியிலோ ஓரத்திலோ வந்துவிட்டன. முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் இது என் கண்ணில் பட்டதில்லை.

இனி அந்த 55 நிமிடம். அத்தகைய தளங்களுக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு விமானம் ஓடுகிறது என்ற கவலை கிடையாது. தொலைவை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு என்று அரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டிவிடுவது அவற்றின் வழக்கம். 340ஐ 800ஆல் வகுத்தால் இருபத்தைந்தரை நிமிடம், அதனுடன் முப்பதைச் சேர்த்தால் உங்களுக்குக் கிடைத்த 55 அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் 800 கி.மீ. என்பது ஜெட் விமானத்தின் வேகம். சேலத்து ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர்தான். அங்கே வந்துபோவது சுழலியால் இயங்கும் ஏடிஆர் 72 வகை, அதன் வேகம் மணிக்கு 510 கி.மீ. அளவில் இருக்கும். அந்த வேகத்தில் 340 கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம், ஏறவும் இறங்கவும் திரும்பவும் இன்னும் பதினைந்து, இருபது நிமிடம் என்று வைத்தால் மறுபடியும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வழிமுறையைத் தப்பாக எழுதிவிட்டு விடையை மட்டும் சரியாக எழுதும் மாணவர்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது உண்டு. அந்தத் தளமும் அந்த இனந்தான்.

ஆக, ஒரு விமானம் நேராகப் பறந்தால் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும். அப்படி ஒன்று பறக்கிறதா என்பதை நாள்தோறும் அந்த வழியில் போய்வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.


முத்துநகர்வாசி, தூத்துக்குடி:

பறக்கவில்லை, அண்ணாச்சி. கப்பல் சரக்கு ஆவண வேலையாக மாதம் ஒருமுறையாவது வாகைக்குளத்தில் ஏறி இறங்குகிறவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். வாகைக்குளத்தை நாட்டின் மற்ற ஊர்களோடு இணைப்பது சென்னையும் பெங்களூரும்தான்.

ஓடுபாதை சிறியது என்பதால் வரவில்லையோ என்று நினைக்க வேண்டாம். முன்பு 1,350 மீட்டராக இருந்த பாதையை இப்போது 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டுவிட்டது. பெரிய விமானமே இறங்கலாம். சேலத்திலும், சிறிய ஊர்களுக்கு விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கி, நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வரத் தொடங்கின. இரண்டு ஊரிலும் இடம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தினமும் எழுபது பேர் காசு கொடுத்து ஏற வேண்டுமே, அதுதான் இல்லை. சிறிய ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்ப் பெரிய ஊரில் கொட்டி, அங்கிருந்து பல திசைக்கும் பிரித்து அனுப்பினால்தான் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். அந்த ஏற்பாட்டில் நமக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான்.

எவ்வளவு சுற்று என்று பாருங்கள். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 530 கி.மீ., அங்கிருந்து சேலத்துக்கு 265, ஆக மொத்தம் 795. பெங்களூர் வழியாகப் போனால் சுமார் 500, அப்புறம் தெற்கே திரும்பி 160, ஆக 660. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆசிரியர் ஐயாவைப் பின்பற்றி நானும் வாகைக்குளத்துக்கும் பெங்களூருக்கும் கோடு போட்டேன். அது மேட்டூர் அணைக்கு மேலாகவே போகிறது. அணையிலிருந்து காமலாபுரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். கல்யாண மண்டபத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே பறந்து, இறங்காமல் 160 கிலோமீட்டர் தாண்டிப் போய், அங்கே காத்திருந்து, அதே அளவு திரும்பி வர வேண்டும்.

காத்திருக்கும் நேரந்தான் ஆளைக் கொல்லும். பயணச்சீட்டில் போடுகிற நேரம் சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை இங்கே எடுத்ததிலிருந்து அங்கே மறுபடி வைப்பது வரைக்கும் உள்ள நேரம். தரையில் ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம், அதனால்தான் சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் நம் வீட்டு வாசலில் தொடங்கும் கணக்கு அதில் வராது. பாளையிலிருந்து வாகைக்குளத்துக்கு முக்கால் மணி நேரம், வல்லநாட்டுப் பாலத்தில் நெரிசல் இருந்தால் மேலும் கொஞ்சம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி போடும் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். சென்னைக்கு ஒன்றரை, அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, சேலத்துக்கு ஒரு மணி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. காரில் போனால் ஏழு.

சென்னையில் மாறித்தான் போவது என்றால் இரண்டு பயணத்தையும் ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். நான் ஒருமுறை சில நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்து அனுபவித்தவன். முதல் விமானம் ஒரு மணி பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையில் பெட்டிக்குக் காத்திருந்து ஓடிப்போய் நின்றால் சேலம் கவுண்ட்டரை அப்போதுதான் மூடியிருந்தார்கள். விமானம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, ஏற்றமாட்டேன் என்கிறார்கள். அவர்கள் மேலும் குற்றமில்லை, இரண்டாவது சீட்டுக்காரருக்கு நான் வராமல் போன பயணி, அவ்வளவுதான். கிளாம்பாக்கம் போய்ப் பேருந்து பிடித்து, விடியற்காலையில் சேலத்தில் இறங்கினேன். ஒரே சீட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது அவர்கள் பொறுப்பாக இருந்திருக்கும். தை மாதம் என்பதால் பெங்களூர் வழியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பனிக்காலத்தில் அங்கே காலை நேரத்து மூடுபனியால் விமானங்கள் நின்றுவிடுவது உண்டு.

கடைசியாக ஒன்று. தாய்மாமன் என்று சொல்லிவிட்டுச் சீரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே, அண்ணாச்சி? உள்நாட்டு விமானத்தில் சாதாரணச் சீட்டுக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ.


சமாதானபுரத்தான்:

ஆசிரியர் ஐயாவுக்கும் முத்துநகர்த் தம்பிக்கும் மிக்க நன்றி. சீர் விஷயம் என் புத்தியிலேயே படவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, தவலை, உடன்குடிக் கருப்பட்டி, இரண்டு ஏத்தன் வாழைத்தார், அல்வா பத்துக் கிலோ, இவை போக முறுக்குத் தட்டுகள் வேறு. அண்டா ஒன்றே பன்னிரண்டு கிலோ இருக்கும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள்.

இருந்தாலும் தாயாரின் கால்தான் எனக்குக் கவலை. மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ நேர் விமானம் கிடைக்க வழியுண்டா? இல்லையென்றால் வேறு எப்படிக் கூட்டிப்போவது?


ஓமலூரில் குடியேறிய அம்பாசமுத்திரத்துக்காரன்:

மதுரைக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் நடுவில் ஒரு பெரிய நகரத்தில் இறங்கி ஏறித்தான் சேலம் வர முடியும், அண்ணாச்சி. பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறையாவது ஊருக்குப் போய்வருகிறேன். ஒருமுறைகூட விமானத்தில் போகத் தோன்றியதில்லை. அதற்குக் காரணம் ஆசிரியர் ஐயா இழுத்த நூலிலேயே இருக்கிறது.

சேலத்தையும் நெல்லையையும் இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 44. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று அது அந்த நூலை ஒட்டியே தெற்கே இறங்குகிறது. நெல்லையிலிருந்து சேலம் சாலையில் 390 முதல் 400 கி.மீ. வரும். வானில் நேர்கோடாகப் போனாலே 340 என்றால், பறப்பதால் மிச்சமாவது ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். குறுக்கே மலை இல்லை, கடல் இல்லை, சுற்றிப் போக வைக்கும் எதுவும் இல்லை. இதே வாகைக்குளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் வானில் 125 கி.மீ.தான், ஆனால் நடுவில் அகத்தியர் மலை மறித்து நிற்பதால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் தெற்கே இறங்கி, நாகர்கோவில் சுற்றி, 180 கி.மீ. போக வேண்டியிருக்கிறது, போதாக்குறைக்கு நாகர்கோவிலுக்கு அப்பால் சாலை முழுக்க ஊர்களுக்குள் போகும். தொலைவு பாதிகூட இல்லை, நேரமோ நான்கு மணி. அந்த மாதிரி இடத்தில் ஒரு சிறு விமானம் பறந்தால் அதற்குப் பொருள் உண்டு. சேலம் வழியில் சாலையே விமானம் போகிற கோட்டில்தான் போகிறது.

தாயாருக்கு நான் சொல்வது ரயில். நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் செல்லும் விரைவு வண்டி இரவில் நெல்லைச் சந்திப்புக்கு வந்து, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாக விடியுமுன் சேலத்தில் இறக்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் மைசூர் வண்டியும் சேலம் வழிதான், அதற்கு மணியாச்சியில் ஏற வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனாலும் அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார் என்பதுதான் இதில் முக்கியம். விமானமானாலும் காரானாலும் உட்கார்ந்துதானே தீர வேண்டும்? நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும், ஆகவே மற்ற உறவினரை அதே சீட்டில் சேர்க்காதீர்கள். முன்பதிவு அறுபது நாள் முன்னால்தான் திறக்கும். பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் திரும்பும் வாரமாக இருந்தால் திறந்த அன்று காலையே போட்டுவிடுங்கள். சேலத்தில் வண்டி சில நிமிடமே நிற்கும். நாமக்கல் தாண்டியதும் எழுப்பிவிட்டு, கதவுக்குப் பக்கத்துப் படுக்கையாகக் கேட்டு வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. சந்திப்பிலிருந்து ஓமலூர் இருபது கிலோமீட்டர், அந்த நேரத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் வண்டியுடன் நிற்கிறேன்.


முருகன்குறிச்சி வாசகி:

நான் பாளையில் மூட்டு அறுவை செய்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பணியில் இருக்கிறேன். ரயிலையே நானும் சொல்வேன். எந்த வண்டியில் போனாலும் புறப்படும் முன் அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதேனும் தொடர்கிறதா, அழுத்தக் காலுறை போட வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். காரில் வர நேர்ந்தால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறக்கி, பத்து அடியாவது நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

ஆனால், அண்ணாச்சி, ஆகாயத்தில் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட அம்மாவிடம் ரயில் என்று சொல்லி முடித்துவிட வேண்டாம் என்று தோன்றுகிறது. திருமணத்துக்கு இல்லாவிட்டாலும் பின்னொரு நாள் கூட்டிப்போவீர்கள்தானே, அதற்காக இதை எழுதுகிறேன். சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே குறித்துவிட வேண்டும், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகவாவது நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அம்மா வாசலைத் தாண்டும்போது கால் மூட்டில் இருக்கும் உலோகத்தால் கருவி ஒலிக்கும். பெண் காவலர் திரைக்குப் பின் அழைத்துப்போய்ச் சோதிப்பார். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வயதானவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நடுங்கிப் போகிறார்கள். மருத்துவமனை கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் வைத்திருங்கள்.

இருக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது, முன்பக்கம் சரக்கு அறை. முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும் என்று நினைத்து அதை வாங்கினால், கதவிலிருந்து அந்தக் குறுகிய நடைபாதை முழுவதையும் அம்மா நடந்து கடக்க வேண்டும். பின்பக்க வரிசைகளே நல்லது. இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள் என்பதால், வலது காலைச் சற்று நீட்டிக்கொள்ள இடப்பக்க வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள். வலப்பக்க வரிசையில் உட்கார்ந்தால் இடது கால்தான் நடைபாதைப் பக்கம் வரும்.


முத்துநகர்வாசி:

அக்கா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். தாயாருக்கு விமானம் காட்ட வேண்டுமென்றால் வாகைக்குளம் முதல் சென்னை வரைதான் சரியான பயணம். நெல்லையிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை 650 கி.மீ. அளவில் இருக்கிறது; 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய வந்தே பாரத்துக்கே ஏழு மணி ஐம்பது நிமிடம். அந்தத் தொலைவில் ஒன்றரை மணி நேரப் பறப்பு, முன்னும் பின்னும் உள்ள காத்திருப்பையெல்லாம் சேர்த்தாலும், ரயிலைவிடச் சில மணி நேரத்தைத் துண்டாக மிச்சப்படுத்தும். நடுவில் மாற வேண்டிய தொல்லையும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களில் கால அட்டவணை மாறும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நேரத்தைச் சரிபார்த்து எடுங்கள்.


சமாதானபுரத்தான்:

எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும், பதில்களை முழுவதும் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். முடிவு இதுதான். சீர் அனைத்தும் சித்தப்பா மகன் ஓட்டும் வண்டியில் அண்டா, வாழைத்தார் சகிதம் முதல் நாள் காலையில் கிளம்பும். தாயாரும் நானும் அதற்கு முந்தின இரவு நெல்லைச் சந்திப்பில் ரயில் ஏறுகிறோம். முன்பதிவு திறக்கும் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாயிற்று. மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன், படுத்துக்கொண்டு வருவதென்றால் தாராளமாகப் போகட்டும் என்றார். ஓமலூர்த் தம்பி, உங்கள் அன்புக்கு மிக்க நன்றி. விடியற்காலையில் உங்களைச் சிரமப்படுத்த மனமில்லை, மாப்பிள்ளை வீட்டார் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அவசியம் கல்யாணத்துக்கு வர வேண்டும், தனியாகச் செய்தி அனுப்புகிறேன்.

பங்குனியில் தாயாரைச் சென்னையில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு விமானத்தில் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இப்போது இருக்கிற ஒரே கேள்வி, மேலே போனால் கீழே என்ன தெரியும் என்பது. ஆசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.


திருவைகுண்டத்து ஆசிரியர்:

வாகைக்குளத்து ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது, தம்பி. காற்று மேற்கிலிருந்து வீசினால் நெல்லைப் பக்கம் எழும்பும், கிழக்கிலிருந்து வீசினால் கடலைப் பார்த்து எழும்பும். பிறகுதான் வடக்கே திரும்பும். அந்த முதல் சில நிமிடங்களில்தான் வயலும் குளமும் தெளிவாகத் தெரியும், அதைத் தவறவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதன் பின் சென்னைக்கு இழுத்த நேர்கோடு தஞ்சாவூரை ஒட்டிச் செல்கிறது. வானம் தெளிந்திருந்தால் காவிரிப் படுகை வலப்பக்கம் பச்சையாக விரிந்து, அதற்கு அப்பால் கடல் வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முருகன்குறிச்சி அம்மா காலுக்காகச் சொன்ன இருக்கை இடப்பக்கம், பார்க்க வேண்டியது வலப்பக்கம். ஆகவே போகும்போது காலைக் கவனித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்காரட்டும். திரும்பி வரும்போது விமானம் தெற்கு நோக்கி வருவதால் கடலும் காவிரியும் இடப்பக்கம் வந்துவிடும். அப்போது அதே வரிசையில் ஜன்னல் இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.